இரண்டு மில்லியாம்பியர் திருட்டு

அப்பாவின் தொண்டை வேலைநிறுத்தத்தில் இறங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மூளையின் வலது பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம் எல்லாம் ஒரே காலையில் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போயின. காலும் கையும் மூன்றாவது வாரமே மனம் மாறி, அரை மனதோடு வேலைக்குத் திரும்பின. பேச்சு கொஞ்சம் குழறியது. எங்களைத் திட்டுவதற்குப் போதுமான அளவு தெளிவாக இருந்தது. தொண்டை மட்டும் பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு நுரையீரல் பக்கம் எட்டிப் பார்க்கும். ஒரு தடவை எட்டிப் பார்த்ததற்கே எட்டு நாள் காய்ச்சலில் கிடந்தார்.

ஆகவே மூக்கில் குழாய். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மா அதன் வழியாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கரைசலை ஊற்றுவாள். அப்போது அப்பா, தன் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவனைக் கண்டுகொள்ளாத ஆள் மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரிய டாக்டர் கெடு வைத்தார். மூக்குக் குழாயை ரொம்ப நாள் வைக்க முடியாது; இன்னும் இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, எக்ஸ்ரே பார்த்தபடியே விழுங்கச் சொல்லி ஒரு சோதனை; அதில் தேறாவிட்டால் வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டு நேரடியாக ஒரு குழாய். அதைச் சொல்லும்போது டாக்டர் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால், நமக்கும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றும்.

“எனக்குன்னு தனி கனெக்‌ஷன் குடுக்கறாங்க போல” என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார். டாக்டர் போன பிறகு அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். “அதைப் போட்டா அவ்ளோதான். எல்லாருக்கும் சௌகரியமாயிடும். அப்புறம் எனக்கு வாயில ஊட்டறதுக்கு யாரும் மெனக்கெட மாட்டாங்க.”

அம்மா காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே கழுவியிருந்ததை மறுபடியும் கழுவினாள்.

இந்த நேரத்தில்தான் சின்ன டாக்டர் வந்தார். அவருக்கு என் வயதைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். கையில் பதினான்கு பக்கப் படிவம். மண்டைக்கு வெளியே இரண்டு ஈரப் பஞ்சு வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, விழுங்குவதற்குப் பொறுப்பான மூளைப் பகுதியைத் தட்டி எழுப்புகிற ஆய்வு ஒன்று நடத்துகிறாராம். கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. இரண்டு மில்லியாம்பியர், தினம் இருபது நிமிடம், பத்து நாள். அந்த இருபது நிமிடமும் விழுங்கும் பயிற்சி செய்யவேண்டும். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம். மீதிப் பேருக்கு ஆரம்பத்தில் அரை நிமிடம் மட்டும் ஓடி, அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது, வேறொரு அலுவலகத்தில் மூடிய உறைக்குள் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்.

தவறான ஆளிடம் சொல்லிவிட்டார். அப்பா முப்பத்தொரு வருடம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் இன்ஸ்பெக்டர். மீட்டரைத் திருப்பி வைத்தவன், கம்பியில் கொக்கி போட்டவன், சீலை உடைத்து அழகாக ஒட்டியவன் எல்லோரையும் பிடித்தவர். சோதனை முடித்துக் கிளம்பி, தெருமுனை வரை போய், பேனாவை மறந்துவிட்டேன் என்று ஐந்தாவது நிமிடம் திரும்பி வருவது அவருடைய முறை. அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: மாட்டியவர்கள், இன்னும் மாட்டாதவர்கள்.

“கரண்ட் வருதான்னு வாங்கறவனுக்கும் தெரியாது, குடுக்கறவனுக்கும் தெரியாது. இதுக்கு பதினாலு பக்கம் வேற” என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். வயிற்று ஓட்டை அவ்வளவு பயமுறுத்தியிருந்தது.

மூக்குக் குழாயோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; ஆய்வுக்காகத் தினமும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். மூன்றாவது மாடியில், நடையின் கடைசியில் ஆய்வு அறை. முன்பு சாமான் அறையாக இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் உடைந்த சக்கர நாற்காலிகள் இரண்டு இன்னும் காலி செய்ய மறுத்துக்கொண்டிருந்தன. நடுவில் சாய்வு நாற்காலி. பக்கத்து மேசையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், உப்புத் தண்ணீரில் ஊறும் பஞ்சுகள். காதுக்கு மேலே ஒன்று, எதிர்ப்பக்க நெற்றியில் ஒன்று என்று வைத்து ரப்பர் பட்டையால் கட்டினால், அப்பா தோற்றுப்போன குத்துச்சண்டை வீரர் மாதிரி ஆகிவிடுவார்.

அந்த அறையின் உண்மையான அதிகாரி ஸ்பூன் மேடம். பேச்சுக்கும் விழுங்கலுக்கும் பயிற்சி கொடுப்பவர். மற்றவர்கள் பேனா செருகி வைக்கும் குவளையில் அவர் ஏழெட்டு அளவுகளில் ஸ்பூன் செருகி வைத்திருப்பார். சின்ன ஸ்பூனில் ஒரு துளி ஐஸ் எடுத்து நாக்கில் வைத்து, “இப்ப விழுங்குங்க சார். தொண்டையில ஒரு கோலிக்குண்டு மாட்டியிருக்குன்னு நினைச்சுக்கோங்க. அதை அழுத்திக் கீழ தள்ளுங்க” என்பார்.

அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

“சார், தூங்கறீங்களா?”

“கரண்ட் ஓடிட்டிருக்குல்ல? அது பாத்துக்கும்.”

“கரண்ட் மூளையைத் தட்டி எழுப்பும் சார். எழுந்ததுக்கு வேலையை நீங்கதான் குடுக்கணும்.”

“ஃபேனுக்குக் கரண்ட் குடுத்தா ஃபேன் சுத்துது. அதுகிட்ட போய், நல்லா அழுத்திச் சுத்துன்னு யாராவது கெஞ்சறாங்களா?”

இருபது நிமிடத்தில் அறுபது தடவை விழுங்க வேண்டும் என்பது கணக்கு. முதல் நாள் அப்பா விழுங்கியது ஒன்பது. அதிலும் நான்கு, ஸ்பூன் மேடத்தோடு வாதம் செய்யும்போது எச்சில் கூட்டி விழுங்கியது. இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் எட்டு. ஸ்பூன் மேடம் என்னை வெளியே கூப்பிட்டு, இப்படியே போனால் வெள்ளிக்கிழமை தேறுவது கஷ்டம், வீட்டில் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். அப்பாவிடம் எடுத்துச் சொல்வது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத வேலை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

நான்காம் நாள் திரும்பி வரும்போது அப்பா குரலைத் தாழ்த்தினார். “டேய், பஞ்சு வச்சதும் சுருசுருன்னு இருக்கு. அரை நிமிஷம். அப்புறம் ஒண்ணுமில்ல. லைன் கட்.”

நிஜ மின்சாரமே ஆனாலும் தோல் பழகிப்போய்ச் சுருசுருப்பு அடங்கிவிடும் என்று படிவத்தின் ஆறாம் பக்கத்தில் போட்டிருந்தது. சொன்னேன்.

“திருடன் எழுதிக் குடுத்ததை திருடன் வீட்டுலயே உக்காந்து படிப்பியா? என் மல்டிமீட்டரை நாளைக்கு எடுத்துட்டு வா.”

எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் நிறம், மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டது. ஓய்வு பெற்ற நாளன்று அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க மறந்தது. திருட்டுப் பிடிக்கும் துறையில் இதற்கு மறதி என்றுதான் பெயர்.

ஐந்தாம் நாள், பெட்டி ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனபோது சின்ன டாக்டருக்கு ஃபோன் வந்து நடைக்குப் போனார். ஸ்பூன் மேடம் ஐஸ் எடுத்துவரக் கிளம்பினார். கதவு சாத்தியதும் அப்பா கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் ஆறு வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம். பையிலிருந்து மீட்டரை எடுத்து, எதை அளப்பது என்று மாற்றும் திருகை வலது கைக் கட்டைவிரலாலேயே ஒரு சுற்று சுற்றி மடியில் வைத்தார். இடது கை இன்னும் நடுங்குவதால் மீட்டர் கம்பியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். காதுக்கு மேல் பஞ்சில் நான், நெற்றிப் பஞ்சில் அவர்.

திரையில் பூஜ்யம்.

“பாத்தியா?” என்றார்.

பார்த்தேன். திரையை இல்லை, திருகை. அது ஏ.சி. பக்கம் இருந்தது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது, அதுதான் ஏ.சி. அப்பா முப்பத்தொரு வருடமாகத் தினமும் அளந்தது அதை. இந்தப் பெட்டி கொடுப்பதோ பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் டி.சி. ஏ.சி.யில் வைத்துக்கொண்டு டி.சி.யை அளந்தால் மீட்டர் பூஜ்யம் என்றுதான் சொல்லும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. அப்பாவின் மூளையில் ஒரு மூலை அடைத்துப்போயிருந்தாலும் கட்டைவிரலுக்குப் போகிற பாதை மட்டும் பழைய பழக்கத்தில் பளபளவென்று இருந்திருக்கிறது.

சொல்ல வாயைத் திறந்தேன். நடையில் செருப்புச் சத்தம். மீட்டர் பைக்குள் போயிற்று. ஸ்பூன் மேடம் ஐஸோடு வந்து, நம்பிக்கையே இல்லாத குரலில், “விழுங்குங்க சார்” என்றார்.

அப்பா பெட்டியைப் பார்த்தார். சீல் உடைந்த மீட்டரைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பார்த்துக்கொண்டே விழுங்கினார். தொண்டைக் குமிழ் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது வெளியிலிருந்தே தெரிந்தது. ஸ்பூன் மேடத்தின் கை ஸ்பூனோடு அப்படியே நின்றது. “இன்னொரு தடவை சார்.” இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மிச்சமிருந்த நேரத்தில் மட்டும் இருபத்தாறு.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டோவில் ஏறியதும் அப்பா திட்டத்தை விளக்கினார். “கரண்டே குடுக்காம பத்து நாள் ஓட்டுவாங்க. நல்லாச்சுன்னா மெஷின் பெருமைன்னு எழுதிக்குவாங்க. ஆகலன்னா, பாவம் இவருக்கு டம்மின்னு எழுதிக்குவாங்க. நான் கரண்ட் இல்லாமயே விழுங்கிக் காட்டறேன். அதுக்கப்புறம் வச்சுக்கறேன் கச்சேரியை.”

ஒரு ஆய்வில் டம்மி எதற்கு இருக்கிறது என்பதை இவ்வளவு கோபமாகவும் இவ்வளவு தப்பாகவும் யாரும் விளக்கியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பெட்டியில் நிஜ மின்சாரம் ஓடுகிறதா என்று எனக்கும் தெரியாது. ஆனால் அப்பா கண்டுபிடித்தது கண்டுபிடிப்பே இல்லை, திருகு தப்பான இடத்தில் இருந்தது, இதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “சொல்லாத.”

“கோவத்துல பாதியில நிறுத்திட்டார்னா?”

“கேஸை முடிக்காம அவர் எங்கயும் போனதில்ல. இருபத்தெட்டு வருஷமா பாக்கறேன்டா இந்த மனுஷனை. எல்லாம் நல்லா நடக்குதுன்னு தெரிஞ்சா துரும்பைக்கூட நகர்த்த மாட்டாரு. எவனோ ஏமாத்தறான்னு தெரியணும். அப்பதான் எழுந்திருப்பாரு.”

எழுந்திருந்தார். காலையில் பல் தேய்த்ததிலிருந்து வெறும் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தார். செய்தி பார்க்கும்போது விழுங்கினார். யாராவது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வந்தால், அவர்கள் பேசி முடிப்பதற்குள் பன்னிரண்டு தடவை விழுங்கினார். வந்தவர்கள் தாங்கள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சீக்கிரமே கிளம்பினார்கள். ஸ்பூன் மேடம் சொன்னபடி முகவாயை நெஞ்சோடு ஒட்டி, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அம்மா எண்ணினாள். இடையிடையே இருமல் வந்தால், “அவனுங்க பண்ண வேலை” என்பார்.

மீதி நேரத்தில் அறிக்கை தயாரானது. பழைய அலுவலக முறைப்படி, கோடு போட்ட தாளில், நடுங்காத வலது கையால். நுகர்வோர்: ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. இணைப்பின் வகை: மண்டை. ஒப்புக்கொண்ட அளவு: இரண்டு மில்லியாம்பியர். ஆய்வில் கண்டது: பூஜ்யம். சாட்சி: மகன்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடு.”

போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் பொய்ச் சாட்சி, அதுவும் பெற்ற அப்பாவுக்கு. நியாயமாகப் பார்த்தால் திரையில் பூஜ்யம் தெரிந்தது நிஜம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

பத்தாம் நாள் எழுபத்துநான்கு. ஸ்பூன் மேடம் எண்ணிக்கையை இரண்டு தடவை சரிபார்த்தார். சின்ன டாக்டர், பெட்டியை ஒரு தாய்க்குரிய பாசத்தோடு துடைத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே அறை. அப்பாவைப் பக்கவாட்டில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். திரையில் அப்பாவின் தாடையும் கழுத்தெலும்பும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. அந்த உருவத்திலும் அவர் யார் மேலோ கோபமாக இருப்பது தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிகிற வெள்ளைப் பசையைக் கலந்து முதலில் கெட்டியாக ஒரு ஸ்பூன். வெள்ளை நாக்கின் மேல் நகர்ந்து, பள்ளத்தில் விழுந்து, நேராக வயிற்றுப் பாதையில் இறங்கியது. அடுத்து கொஞ்சம் தளர்வாக. அதுவும் இறங்கியது. கடைசியில் தண்ணீர் மாதிரி. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பாதி இறங்கியது. ஒரு மெல்லிய வெள்ளை இழை மட்டும் திசை தப்பி, மூச்சுப் பாதையின் வாசலில் போய் நின்றது. பெரிய டாக்டர் முன்னால் சாய்ந்தார். அப்பாவே நிறுத்தினார். முகவாய் நெஞ்சோடு ஒட்டியது. ஒரு கனைப்பு, உடனே ஒரு அழுத்தமான விழுங்கல். இழை வாசலைவிட்டுத் திரும்பி, வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

பெரிய டாக்டர் அதை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். “குழாயை எடுத்துடலாம். கெட்டியான சாப்பாடு, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா, தலையைக் குனிஞ்சு” என்றார். வயிற்று ஓட்டை கைநழுவிப் போனதில் அவருக்கு லேசான வருத்தம் இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

மூக்குக் குழாயை உருவி எடுத்தபோது அது முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. “இவ்ளோ நீளமா உள்ள வச்சிருந்தீங்க?” என்றாள் அம்மா, அதைத் தினமும் எட்டுத் தடவை பார்த்தவள்.

சின்ன டாக்டர் ஓடி வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். இதுவரை சேர்ந்த இருபத்திரண்டு பேரில் இவ்வளவு நல்ல முன்னேற்றம் யாருக்கும் இல்லையாம். அப்பா குலுக்கிய கையை விடாமல், மறு கையால் அறிக்கையை நீட்டினார்.

சின்ன டாக்டர் படித்தார். ‘இணைப்பின் வகை: மண்டை’ வரை சிரித்துக்கொண்டே படித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

“சார், சிகிச்சை ஓடும்போது பஞ்சைத் தொட்டீங்களா?”

“சோதனை பண்ணேன்.”

“அப்படின்னா உங்களை ஆய்வுல சேர்த்துக்க முடியாது சார்.”

“நான் உங்க ஆய்வையே சேர்த்துக்கலப்பா.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளியே போய், தன் பேராசிரியரிடம் ஃபோனில் வெகுநேரம் பேசினார். பேசினார் என்பதைவிடத் தலையாட்டினார் என்பது சரி. திரும்பி வந்தபோது, வெளியேற்றப்பட்டவர் என்பதால் அப்பாவின் உறையை மட்டும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

“உங்களுக்கு நிஜ கரண்ட்தான் சார். பத்து நாளும். முழுசா ரெண்டு மில்லியாம்பியர்.”

“பொய். மீட்டர் பூஜ்யம் காட்டுச்சு. சாட்சி இருக்கு.”

எல்லோரும் சாட்சியைப் பார்த்தார்கள்.

“திருகு ஏ.சி.ல இருந்துச்சுப்பா” என்றேன்.

அப்பா தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அதன் மேல் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

“எப்ப தெரியும்?”

“அப்பவே.”

“அப்பவேவா.”

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. ஸ்பூன் மேடத்தின் பக்கம் திரும்பினார். “அப்போ விழுங்க வச்சது எது? கரண்டா, நானா?”

“தெரியாது சார். ரெண்டுமா இருக்கலாம். நாள் போகப் போகத் தானாவும் கொஞ்சம் சரியாகியிருக்கும்.”

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் ஆய்வே நடத்தறோம்” என்றார் சின்ன டாக்டர். குரல் கிட்டத்தட்ட உடைந்திருந்தது. “நீங்க நடுவுல மீட்டர் கம்பியை வச்சுட்டீங்க.”

அப்பா யோசித்தார். “கரண்ட் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டேனே.”

“அதனாலதான் சொல்லல” என்றாள் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். ஒரே வீட்டுக்குள், ஒரே கூரைக்குக் கீழ், தன் கண்ணெதிரே இரண்டு பேர் சேர்ந்து இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பேனாவை மறந்ததாகத் திரும்பி வந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. திட்டுவதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

ஏழு வாரத்துக்குப் பிறகு வாய் வழியாகத் தண்ணீர். கோபத்தைக் காட்டுவதா, குடிப்பதா என்று அவர் தடுமாறியது முகத்தில் அப்படியே தெரிந்தது. தலையைக் குனிந்தார். ஒரு மடக்கு. காத்திருந்தார். இருமல் இல்லை. இரண்டு. ஸ்பூன் மேடம் பழக்கத்தில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர்கூட, தன் கணக்கில் இனி சேராத அந்த மடக்குகளை எண்ணினார். ஒன்பதாவதில் டம்ளர் காலியானது. மூடிய கண்ணை அப்பா உடனே திறக்கவில்லை. அம்மா முந்தானையால் அவர் முகவாயைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒரு சொட்டுகூட வழிந்திருக்கவில்லை.

“இன்னொண்ணு” என்றார் அப்பா.

இன்றைக்கு இவ்வளவு போதும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்றார் ஸ்பூன் மேடம்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த விதிப்படி? எழுத்துல குடுங்க.”